நாய் உணவுப் பையின் பின்பக்கம்: எதை நம்பலாம், எதைக் கணக்குப் போட வேண்டும்?

டாக் ஃபுட் வாங்கப் போகிறவருக்கு ஆளுக்கொரு அறிவுரை கிடைக்கிறது. "பை-ப்ராடக்ட், அதாவது துணைப்பொருள், என்று போட்டிருந்தால் தொடாதீர்கள், அது கழிவு" என்கிறார் ஒருவர். "தானியம் சேர்க்காத உணவுதான் நாய்க்கு நல்லது" என்கிறார் இன்னொருவர். "தானியம் இல்லாத உணவால் இதய நோய் வருகிறதாமே?" என்று கேட்கிறார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், விலை கூடிய பையோடு திரும்புவோமே தவிர நல்ல உணவோடு திரும்புவோம் என்று உறுதியில்லை.

பையின் பின்பக்கத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மூலப்பொருள் பட்டியல், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்கிறது. சத்து அட்டவணை, எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது. அந்த மூலப்பொருள் நல்ல நிலையில் வந்ததா, நாயின் குடலில் எவ்வளவு செரிக்கும் என்ற இரண்டையும் இவற்றில் எதுவும் சொல்வதில்லை. ஆகவே பையைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியது எது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பது எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் மனிதர் உண்ணும் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 'உணவு' என்பதை வரையறுக்கும்போதே கால்நடைத் தீவனத்தை விலக்கிவிடுகிறது. நாய் உணவுக்கென்று இந்திய தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 11968 என்ற எண்ணில் ஒரு தரவரையறை வைத்திருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய எண் ஆகியவை பையில் இருக்க வேண்டும். அந்தப் புகார் எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பல பைகளில் 'ஆஃப்கோ' (AAFCO) என்ற பெயரைப் பார்க்கலாம். அமெரிக்க மாநிலங்களின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 1909இல் தொடங்கிய சங்கம் அது. மாதிரி விதிகளையும் சத்து அளவுகளையும் வகுத்துத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. எந்த உணவையும் அது சோதிப்பதில்லை, அங்கீகரிப்பதுமில்லை. 'ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது' என்று யாராவது விளம்பரம் செய்தால், தயாரிப்பாளருக்கே விஷயம் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார். 'ஆஃப்கோ வகுத்த சத்து அளவுகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டது' என்று இருந்தால் அதில் பொருள் உண்டு.

பட்டியலில் முதலில் வருவது எது

அமெரிக்க விதியிலும் அதைப் பின்பற்றும் இடங்களிலும், மூலப்பொருட்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். எதன் எடை? கலவையில் கொட்டும்போது இருந்த எடை. தண்ணீரோடு சேர்த்து. இங்கேதான் கண்ணைக் கட்டும் வேலை நடக்கிறது.

ஒரு கற்பனைக் கலவையை எடுத்துக்கொள்வோம். நூறு கிலோவில்:

1. பச்சைக் கோழிக்கறி 22 கிலோ
2. மக்காச்சோளம் 20 கிலோ
3. அரிசிக் குருணை 18 கிலோ
4. சோயாப் புண்ணாக்கு 15 கிலோ
5. அரிசித் தவிடு 12 கிலோ
6. கோழிக் கொழுப்பு 6 கிலோ
7. உப்பு, தாதுக்கள், விட்டமின், மற்றவை 7 கிலோ

பட்டியலில் முதல் பெயர் கோழி. 'உண்மையான கோழியே முதல் மூலப்பொருள்' என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம், பொய்யில்லை. ஆனால் பச்சைக் கறியில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். எந்திரத்தில் வெந்து உலர்ந்து வெளியே வரும்போது அந்த 22 கிலோவில் எஞ்சுவது ஏறத்தாழ 6.6 கிலோதான். மக்காச்சோளம், குருணை, தவிடு மூன்றையும் கூட்டினால் 50 கிலோ. தானியம் என்று ஒரே பெயரில் எழுதியிருந்தால் அதுதான் தலைப்பில் நின்றிருக்கும். மூன்றாகப் பிரித்ததால் கோழிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது.

இன்னொரு கணக்கும் போடலாம். கோழிக்கறியில் புரதம் 18 சதவீதம் என்றால், 22 கிலோவில் கிடைப்பது சுமார் 4 கிலோ. சோயாப் புண்ணாக்கில் 45 சதவீதம் என்றால், 15 கிலோவில் 6.75 கிலோ. அதாவது பையில் படமாக இருப்பது கோழி, புரதத்தைக் கூடுதலாகத் தருவது சோயா.

சோயா கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. சரியாக வேகவைத்த சோயா நாய்க்கு நன்றாகவே செரிக்கும். நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலைப் படிக்க ஒரு குறுக்குவழி உண்டு. உப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். நாய் உணவில் உப்பு பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். உப்புக்குப் பின்னால் வருவதெல்லாம் அதைவிடக் குறைவு. முன்பக்கப் படத்தில் கேரட், கீரை, ப்ளூபெர்ரி என்று ஒரு காய்கறிச் சந்தையே இருக்கும். பட்டியலில் அவை உப்புக்குக் கீழே பதுங்கியிருக்கும். விட்டமின்களும் தாதுக்களும் அங்கே இருப்பது நியாயம், அவற்றின் தேவையே மில்லிகிராம் கணக்குதான். காய்கறி அங்கே இருந்தால் அது அலங்காரம்.

பெயரிலும் அளவு ஒளிந்திருக்கிறது. ஆஃப்கோ விதிப்படி 'சிக்கன் டாக் ஃபுட்' என்று பெயர் வைக்க, தயாரிப்பில் சேர்க்கும் தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி வேண்டும். 'சிக்கன் டின்னர்', 'சிக்கன் ரெசிபி' என்றால் 25 சதவீதம் போதும். 'வித் சிக்கன்' என்றால் 3 சதவீதம். 'சிக்கன் ஃப்ளேவர்' என்றால் சுவை தெரிந்தால் போதும், அளவே கிடையாது. அமெரிக்க விதிப்படி வரும் பைகளுக்கு இது பொருந்தும். இங்கே தயாராகும் பைகளில் அதே சொற்களைப் பார்த்து அதே சதவீதத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ஊர்ப் பைகளில் வேறொரு பழக்கத்தையும் பார்க்கலாம்: 'தானியங்களும் தானியத் துணைப்பொருட்களும், இறைச்சியும் இறைச்சித் துணைப்பொருட்களும்' என்று வகைப்பெயர் போடுவது. ஐரோப்பாவிலும் இதற்கு அனுமதி உண்டு. சந்தையில் மக்காச்சோளம் விலை ஏறினால் கோதுமைக்கு மாறலாம், பையை மாற்றி அச்சடிக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளருக்கு வசதி. அலர்ஜி உள்ள நாயை வளர்ப்பவருக்கு இதைவிட மோசமான பட்டியல் கிடையாது.

மீல், பை-ப்ராடக்ட்: கெட்ட பெயர் வாங்கியவை

'சிக்கன் மீல்' என்பது கறியையும் தோலையும், சில சமயம் எலும்பையும், வேகவைத்துக் கொழுப்பையும் நீரையும் பிரித்து அரைத்த தூள். இந்த வேலைக்கு ரெண்டரிங் என்று பெயர். மீனுக்கும் கருவாட்டுக்கும் உள்ள உறவுதான் கறிக்கும் மீலுக்கும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மீலில் புரதம் பச்சைக் கறியைவிட மும்மடங்குக்கு மேல், சுமார் 65 சதவீதம். பட்டியலில் மூன்றாவதாக நிற்கும் சிக்கன் மீல், முதலில் நிற்கும் பச்சைக் கோழியைவிட அதிகப் புரதம் தருவது சாதாரணமாக நடப்பதுதான்.

பை-ப்ராடக்ட் மீல் என்றால் கழுத்து, கால், குடல், முட்டையாகாத கரு போன்றவை. ஆஃப்கோ வரையறையில் இறகுக்கு இடமில்லை. தவிர்க்க முடியாமல் கொஞ்சம் கலந்தால் மட்டும் விலக்கு. கோழி தவிர்த்த மற்ற விலங்குகளில் ஈரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் இந்த வகைதான். குடல் குழம்பும் சுவரொட்டி வறுவலும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிடும் நாம், நாயின் பையில் அதைப் பார்த்ததும் முகம் சுளிப்பது வேடிக்கை. ஈரலில் இருக்கும் விட்டமின் ஏ, இரும்பு, பி விட்டமின்கள் வெறும் நெஞ்சுக்கறியில் கிடைக்காது.

அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். 'சிக்கன் மீல்' என்று விலங்கின் பெயர் இருந்தால் எதிலிருந்து வந்தது என்று தெரியும். 'மீட் மீல்', 'மீட் அண்ட் போன் மீல்', 'அனிமல் ஃபேட்' என்று பெயரில்லாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விலங்காக இருக்கலாம். அடுத்தது எலும்பு. கறி குறைந்து எலும்பு கூடினால் சாம்பல் அளவு ஏறும். சாம்பல் என்பது உணவை எரித்த பின் எஞ்சும் தாதுக்களின் எடை. உலர் உணவில் 7, 8 சதவீதம் இயல்பு. 10ஐத் தாண்டினால் அந்த மீலில் எலும்பு அதிகம் என்று சந்தேகப்படலாம். எல்லாப் பையிலும் சாம்பல் அளவு போடுவதில்லை. போடும் நிறுவனத்துக்கு அதற்காகவே ஒரு மதிப்பெண் தரலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நாய், பூனை உணவில் சேரும் விலங்குத் துணைப்பொருள் பெரும்பாலும், மனிதர் உண்ணத் தகுதியானது என்று பரிசோதிக்கப்பட்ட விலங்கிலிருந்துதான் வரவேண்டும். உறுப்பு எது என்பதைவிட விலங்கு எப்படிச் செத்தது, செத்த பின் எத்தனை மணிநேரத்தில் வெந்தது என்பதுதான் தரம். அதைப் பையில் யாரும் எழுதுவதில்லை.

புரத சதவீதம் என்ற பொறி

உலர் உணவுப் பையில் புரதம் 20 சதவீதம், கிரேவிப் பாக்கெட்டில் 7 சதவீதம். எது அதிகம்? பார்த்த மாத்திரத்தில் உலர் உணவு என்போம். ஈரப்பதத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

1. உலர் உணவில் ஈரப்பதம் 10 என்றால் எஞ்சும் உலர்பொருள் 90. 20ஐ 90ஆல் வகுத்தால் 22.2 சதவீதம்.
2. கிரேவியில் ஈரப்பதம் 82 என்றால் உலர்பொருள் 18. 7ஐ 18ஆல் வகுத்தால் 38.9 சதவீதம்.

உலர்பொருள் கணக்கில் ஆஃப்கோ வகுத்த குறைந்தபட்சம்: வளர்ந்த நாய்க்குப் புரதம் 18, கொழுப்பு 5.5, குட்டிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் நாய்க்கும் புரதம் 22.5, கொழுப்பு 8.5. மாவுச்சத்தைப் பெரும்பாலான பைகள் சொல்வதில்லை. நாமே கண்டுபிடிக்கலாம்: நூறிலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஐந்தையும் கழியுங்கள். 20, 10, 5, 10, 8 என்றால் மீதி 47. பையில் ஏறத்தாழ பாதி மாவுச்சத்து.

சரி, புரதம் 22 என்று வந்துவிட்டது. அது எந்தப் புரதம்? ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. அதனால்தான் 'க்ரூட்' (தோராயமான) புரோட்டீன் என்ற பெயர். நைட்ரஜன் கறியிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா, வேறு எதிலிருந்தாவது வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது.

இந்த ஓட்டை என்ன செய்யும் என்பது 2007 மார்ச்சில் தெரிந்தது. கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் பல பிராண்டுகளுக்குத் தயாரித்துக் கொடுத்த சுமார் 6 கோடி டப்பா, பாக்கெட் உணவுகளைத் திரும்பப் பெற்றது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்துக்கொண்டிருந்தன. சீனாவிலிருந்து கோதுமை குளூட்டன் (கோதுமைப் புரதம்) என்ற பெயரில் வந்த சரக்கில் மெலமைன் கலந்திருந்தது. பிளாஸ்டிக் பிசின் செய்யப் பயன்படும் அந்த வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நூறு கிராம் மெலமைனைச் சோதனைக்குப் போட்டால் 400 கிராமுக்கு மேல் 'புரதம்' காட்டும்! மெலமைனும் அதோடு இருந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக உறைந்துவிட்டன. மறு ஆண்டே இதே உத்தி சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் வெளிப்பட்டது.

அன்று விற்ற பைகளின் சத்து அட்டவணையில் ஒரு பிழையும் தெரிந்திருக்காது. எண்ணை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

கலப்படம் இல்லாதபோதும் செரிமானம் என்று ஒன்று இருக்கிறது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றில் நாய்க்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டியவை பத்து. முட்டையும் கறியும் அவற்றை நல்ல விகிதத்தில் தருகின்றன. தானியப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பு வகைகளில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். இறகில் க்ரூட் புரோட்டீன் 80 சதவீதத்துக்கு மேல், ஆனால் அழுத்தத்தில் வேகவைத்துச் சிதைக்காவிட்டால் நாயால் அதைச் செரிக்கவே முடியாது. செரிமானம் எப்படி என்று வீட்டில் பார்க்க ஒரே வழி நாயின் மலம்தான். அளவு குறைவாக, கெட்டியாக இருந்தால் உணவு உடம்பில் ஒட்டுகிறது. தின்றதற்கு நிகராக வெளியே வந்தால், குறைந்த விலைக்கு வாங்கியதில் பாதியைக் குப்பையில் போடுகிறீர்கள்.

நாய் ஆசையாகத் தின்பதைத் தரத்துக்கு அத்தாட்சியாக எடுக்க வேண்டாம். உருண்டைகளின் மேல் கொழுப்பும், இறைச்சியை நொதிக்க வைத்து எடுத்த சுவைச்சாறும் தெளிக்கப்படுகின்றன. சிவப்பும் பச்சையுமான நிறங்களோ முழுக்க நமக்காக. நாய்க்கு அந்த இரண்டையும் பிரித்தறியும் கண்ணே கிடையாது.

தானியம் இல்லாத உணவும் இதயமும்

ஓநாயின் வழிவந்தது நாய், அதற்கு எதற்கு அரிசி என்று கேட்கிறார்கள். 2013இல் நேச்சர் இதழில் வந்த சுவீடன் ஆய்வாளர்களின் மரபணு ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது: மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு. மனிதனோடு வாழ்ந்து மனிதன் போட்டதைத் தின்று வந்த மாற்றம் அது. தயிர்சாதம் தின்று வளர்ந்த சிப்பிப்பாறைகளுக்கு இந்தச் செய்தி புதிதல்ல. அலர்ஜி விஷயத்திலும் தானியம் முதல் குற்றவாளி இல்லை. 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் முதல் மூன்று இடங்கள் மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி. கோதுமை அவற்றுக்குப் பின்னால்தான்.

தானியத்தை எடுத்துவிட்டால் உருண்டையைப் பிடித்து வைக்க வேறு மாவு வேண்டும். பட்டாணி, பயறு வகை, உருளைக்கிழங்கு உள்ளே வந்தன. 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு விசாரணையை அறிவித்தது. இதயத் தசை மெலிந்து இதயம் விரிவடையும் டிசிஎம் என்ற நோய், அதற்கு வழக்கமாக ஆளாகாத இனங்களிலும் தெரிகிறது என்று மருத்துவர்கள் தகவல் அனுப்பியிருந்தார்கள். 2014 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் வரை நாய்கள் பற்றி 515 புகார்கள். அவற்றில் வந்த உணவுகளில் 90 சதவீதத்துக்கு மேல் தானியம் இல்லாதவை. 93 சதவீதத்தில் பட்டாணியோ பயறோ இருந்தது. 2019 ஜூனில் 16 பிராண்டுகளின் பெயர்களை எஃப்டிஏ வெளியிட்டது. 2022 டிசம்பரில், புதிதாகச் சொல்ல அறிவியல் சான்று கிடைத்தால் ஒழிய இனி தகவல் வெளியிடப் போவதில்லை என்று நிறுத்திக்கொண்டது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. புகார் எண்ணிக்கை மட்டும் காரணத்தைக் காட்டாது என்பதும் உண்மை.

இதில் என் கணிப்பு: தானியம் இல்லாத உணவால் கூடுதல் நன்மை என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆபத்து பற்றிய கேள்வி தீரவில்லை, விலையோ அதிகம். மருத்துவர் குறிப்பாகச் சொல்லாத நாய்க்கு அதை வாங்கக் காரணமே தெரியவில்லை. தானியத்தோடு இருக்கும் உணவிலும் முதல் ஐந்து பெயர்களுக்குள் பட்டாணி இரண்டு மூன்று உருவத்தில் வந்தால் கவனிக்க வேண்டும்.

கெட்டுப்போவது எது

உலர் உணவில் முதலில் கெடுவது கொழுப்பு. அதைத் தடுக்க பிஹெச்ஏ, பிஹெச்டி, எத்தாக்ஸிக்வின் போன்ற செயற்கைப் பொருட்களோ, விட்டமின் ஈ வகையான டோக்கோஃபெரால், ரோஸ்மேரிச் சாறு போன்றவையோ சேர்க்கிறார்கள். எத்தாக்ஸிக்வினை நாய் உணவில் 150 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 150 பங்கு) 75க்குக் குறைக்குமாறு 1997இல் எஃப்டிஏ நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது; ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதன் அனுமதியையே நிறுத்தி வைத்தது. மற்றவற்றில் பெரிய பயம் தேவையில்லை. இயற்கைத் தடுப்பான் சேர்த்த பை சீக்கிரம் காறும், அதனால் சின்னப் பையாக வாங்க வேண்டும் என்பதுதான் நடைமுறை வேறுபாடு.

உயிரைக் குடிப்பது பூஞ்சை நச்சு. ஈரமான மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சை, அஃப்ளடாக்ஸினை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கும். வேகவைத்தாலும் முழுதாக அழியாது. 2020 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் மிட்வெஸ்டர்ன் பெட் ஃபுட்ஸ் ஸ்போர்ட்மிக்ஸ் உணவுகளைத் திரும்பப் பெற்றது இதனால்தான். 110க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக எஃப்டிஏவுக்குத் தகவல் வந்தது. அங்கே எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். மிகச் சிறிய பொருளும் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு 2019 தொடக்கத்தில் ஹில்ஸ் திரும்பப் பெற்ற டின் உணவுகள் சான்று: வெளியிலிருந்து வாங்கிய விட்டமின் கலவையில் விட்டமின் டி அளவுக்கு மீறி இருந்தது. மக்காச்சோளம் கெட்டதும் இல்லை, விட்டமின் கெட்டதும் இல்லை. வந்த சரக்கைச் சோதித்தார்களா என்பதுதான் கேள்வி.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

பையில் இருக்கும் அந்தப் புகார் எண் இதற்குத்தான்.

1. உணவின் கலவையை வகுத்தவர் யார்? கால்நடை ஊட்டச்சத்தில் படித்தவர் முழுநேரமாக இருக்கிறாரா?
2. சொந்த ஆலையா, வேறொருவர் செய்து தருகிறாரா?
3. மக்காச்சோளத்தை ஒவ்வொரு லோடுக்கும் அஃப்ளடாக்ஸின் சோதனை செய்கிறீர்களா?
4. 'முழுமையான, சமச்சீர் உணவு' என்பது தாளில் போட்ட கணக்கா, நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததா? ஆஃப்கோ முறைப்படி வளர்ந்த நாய்க்கான சோதனை 26 வாரம், குறைந்தது 8 நாய்கள். பெரிய சோதனை இல்லைதான், ஆனால் அதுகூடச் செய்யாதவர்கள் நிறைய.
5. நூறு கிராமில் எத்தனை கலோரி, சாம்பல் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு? பெரிய இனக் குட்டிகளுக்குக் கடைசிக் கேள்வி முக்கியம்: கால்சியம் உலர்பொருளில் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினாலும் எலும்பு கோணும்.

நேரடியான பதில் வராமல் 'ப்ரீமியம் தரம் சார்' என்று மட்டும் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கடைசியாக ஒன்று, நம் ஊர்க் கடைகளுக்கே உரியது. 20 கிலோ மூட்டையைப் பிரித்து வைத்து லூஸில் கிலோ கணக்கில் விற்கிறார்கள். விலை குறைவு, உண்மை. வெயிலிலும் ஈரக்காற்றிலும் திறந்து கிடக்கும் உணவில் கொழுப்பு காறுகிறது, பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது, எத்தனை நாளாகத் திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட, பேட்ச் எண் கையில் இருக்காது. நிறுவனம் ஒரு பேட்சைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், உங்கள் வீட்டு டப்பாவில் இருப்பது அதுவா என்று கண்டுபிடிக்க வழியில்லை. மூட்டை பெரிதென்றால் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கி அன்றே பிரித்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு போட்டோ எடுத்து பேட்ச் எண்ணையும் தேதியையும் வைத்துக்கொள்ளலாம். தனியாக வாங்குகிறவர் உணவை அதன் பையிலேயே வைத்து, வாயை மடித்துக் கிளிப் போட்டு, பையோடு டப்பாவுக்குள் இறக்கிவிட்டால் போதும்.